பிளஸ் டூவைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 36 வயது. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். பி.ஏ. தமிழ் படிக்க வேண்டும், பிறகு அரசுத் தேர்வு எழுத வேண்டும் என்று ஆசை. பிளஸ் டூ இல்லாமலே நேராக டிகிரியில் சேர்த்துவிடுவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். வீட்டிலோ, 'தபால்ல படிச்ச டிகிரியை யார் மதிப்பாங்க' என்கிறார்கள். சேரலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டாயம் படியுங்கள். ஆனால் அந்த ஏஜென்ட் சொல்லும் வழியில் வேண்டாம்.

அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில், அதாவது முன்படிப்பு கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் முறையில், நேரடியாக வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு 107ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. அதன்படி பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசு வேலைக்கு அந்தப் பட்டத்தை ஏற்பார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே ராத்திரியில் கண்விழித்துப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள்கூட இந்த வரிசை தவறியதால் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோகிறார்கள். அவர்களுடைய உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. சேரும்போதே ஒருவர் இதை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் பணம் வாங்குகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

அதனால் முதலில் பிளஸ் டூ. தனித்தேர்வராக எழுதலாம், தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் முடிக்கலாம். டிகிரி கொஞ்சம் தள்ளிப்போகும், போகட்டும். பத்தாவது தகுதிக்கே குரூப் 4 தேர்வு இருக்கிறது, அதற்கு வயது வரம்பைப் பார்த்துக்கொண்டு இப்போதே தயாராகலாம்.

மதிப்பு பற்றி வீட்டில் கேட்டதற்கு: மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. அண்ணாமலை 1979இல் வந்தது. வேலையில் இருந்துகொண்டே அப்படிப் படித்துப் பதவி உயர்வு பெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2022இலும் தெளிவுபடுத்தியது. நீங்கள் சேரும் பல்கலைக்கழகமும் பாடமும் அந்த ஆண்டுக்கான யூஜிசி பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

அசைன்மென்ட்டை நீங்களே எழுதுங்கள். எழுதித் தருகிறேன் என்று காசு கேட்டு ஆட்கள் வருவார்கள். அசைன்மென்ட் அடங்கிய தொடர் மதிப்பீட்டுக்கு 30 மதிப்பெண் வரைதான், மீதி 70 தேர்வு அறையில். காசு கொடுத்து வாங்கிய அசைன்மென்ட் அங்கே உதவாது. அதைவிட, தமிழ் படிக்கத்தான் ஆசைப்பட்டீர்கள். ஒரு பாட்டைப் பற்றி இரண்டு பக்கம் சொந்தமாக எழுதும்போதுதான் அந்தப் பாட்டு உங்களுக்குச் சொந்தமாகும். அந்த சந்தோஷத்தை ஏன் இன்னொருவருக்குக் காசு கொடுத்து விட்டுத்தர வேண்டும்?

ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் புத்தகத்தைத் தொடவே முடியாது. பொங்கல் முடிந்து மே வரைக்கும் உள்ள மாதங்களை நம்புங்கள். நேர்முக வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறில் இருக்கும். கடையில் கூட்டம் சேரும் நாளும் அதுதான். முதலாளியிடம் முன்கூட்டியே பேசி வாரநாளில் விடுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். இலக்கணத் தாள்களுக்காவது அந்த வகுப்புகளை விடாதீர்கள், அதைத் தனியாக உட்கார்ந்து படிப்பது கஷ்டம்.

இந்த வாரமே அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் விசாரியுங்கள். பத்தாவது மதிப்பெண் சான்றிதழைக் கையோடு கொண்டுபோங்கள். ஏஜென்ட்டுக்கு முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.