அவருக்கு 72, எனக்கு 88: மூச்சு வாங்குவது மட்டும் எனக்கா?

கேள்வி: எனக்கு 46 வயது, 158 செ.மீ., 104 கிலோ. கணவர் 172 செ.மீ., 123 கிலோ. இருவரும் குழாயில் ஊதும் நுரையீரல் சோதனை செய்துகொண்டோம். அவருக்கு மூச்சுக் கொள்ளளவு 72 விழுக்காடு. எனக்கு 88, ‘இயல்பு’ என்று தாளில் இருக்கிறது. ஆனால் ஈரச்சந்தைப் பையோடு மேம்பாலம் ஏறினால் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. எந்திரம் தப்பா? தெரிந்தவர் ஒருவர் நுரையீரலைச் சுத்தம் செய்யும் பானம் விற்கிறார், வாங்கலாமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: வாங்காதீர்கள். நுரையீரல் அடைத்துக்கொண்ட சாக்கடை அல்ல, பானம் ஊற்றிக் கழுவுவதற்கு. இப்படி ஆரம்பிப்பவர்கள் அடுத்து மெலிய வைக்கும் மாத்திரையை நீட்டுவார்கள். சிபுட்ராமின் என்ற மருந்து மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010லேயே சிங்கப்பூரில் விலக்கப்பட்டது. இன்றும் ‘மூலிகை’ என்ற பெயரில் விற்கும் மாத்திரைகளில் அது ஒளிந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கிறது. விற்றவர் கூசாமல் அடுத்த வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடுகிறார்.

சரி, சோதனைக்கு வருவோம். எந்திரம் தப்பில்லை. உங்கள் 88, உங்கள் வயதும் உயரமும் உள்ள பெண்ணுக்கு இருக்கவேண்டிய அளவோடு ஒப்பிட்டது. அவருடைய 72 ஆண்களின் அளவோடு. எடை அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை.

உடல் பருமன் எண் உங்கள் இருவருக்கும் 42ஐ ஒட்டித்தான் வருகிறது. ஆனால் கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். ஆண்களுக்குப் பெரும்பாலும் வயிற்றில், பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும். மூச்சு இழுக்கும்போது உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள தசை, கீழே இறங்கவேண்டும். நிரம்பிய தொப்பை அதற்கு இடம் விடாது. அதனால்தான் அதிகப் பருமனுள்ள ஆண்களின் எண் கூடுதலாக இறங்குகிறது. அதற்காக அவருக்கு நுரையீரல் சுருங்கிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பாதியில் ஊதுவதை நிறுத்தினாலும் எண் குறையும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து மொத்தக் கொள்ளளவை அளந்தால்தான் உறுதி.

உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது? ‘இயல்பு’ என்றால் காற்றுக்குழாயில் அடைப்பு இல்லை, கொள்ளளவு பெரிதாகக் குறையவில்லை, அவ்வளவுதான். ரத்தசோகை, தைராய்டு, இதயம் பற்றி அந்தத் தாள் வாய் திறக்காது. மாதவிடாய்ப் போக்கு அதிகமென்றால் முதலில் ரத்தத்தைத்தான் பார்ப்பேன். பருமனோடு வரும் ஆஸ்துமாவும் பெண்களிடம் அதிகம். நல்ல நாளில் ஊதினால் எண் இயல்பாகவே வரும். ஆஸ்துமாதான் என்று சோதித்து உறுதி செய்யாமல் இன்ஹேலர் வாங்கிவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், உங்கள் வயதுக்காக. மேலே சொன்ன ஆண், பெண் கணக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் மாறிவிடும். கொழுப்பு வயிற்றுக்கு நகரும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறும் கூடும். கணவர் குறட்டை விட்டால் வீடே அதிரும், அவரைத் தூக்கச் சோதனைக்கு அனுப்புவார்கள். மனைவி ‘களைப்பு, காலையில் தலைவலி, தூக்கம் வரவில்லை’ என்பார், மன உளைச்சல் என்று அனுப்பிவிடுவார்கள். இந்தக் கோளாறுக்கு மருந்தகங்களில் கேட்கும் கேள்விப்பட்டியலில் ஆணாக இருப்பதற்கே ஒரு மதிப்பெண் உண்டு! பெண் ஆரம்பத்திலேயே ஒன்று குறைவு. இதை எத்தனையோ கூட்டங்களில் சொல்லி அலுத்துவிட்டது. 120 கிலோ மனிதரைப் பார்த்து ‘எடையைக் குறையுங்கள்’ என்று ஒரே வரி சொல்லி அனுப்பும் பழக்கமும் போகவில்லை.

பலதுறை மருந்தகத்தில் மூச்சுவாங்கலைச் சொல்லும்போது தூக்கத்தையும் மாதவிடாயையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு போனால் நிபுணரிடம் மானியக் கட்டணம் கிடைக்கும். நேரே போனால் தனியார் கட்டணம். அந்தப் பானத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் குடிக்காமல் பொட்டலத்தை அப்படியே கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.