நண்பர்களிடம் பேசினால் போதாதா, எதற்குத் தெரபி?

வெறும் பேச்சுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா, அப்படியே போவதானாலும் எந்தக் கட்டத்தில் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பதற்றத்துக்காகக் கொஞ்ச காலம் தெரபிக்கு, அதாவது பயிற்சி பெற்ற ஒருவரிடம் பேசி மனப் பிரச்சினையைச் சரிசெய்யும் சிகிச்சைக்கு, போயிருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

நண்பரிடம் பேசினால் பாரம் இறங்கும், சந்தேகமில்லை. ஆனால் அவர் உங்கள் கட்சிக்காரர். மேலதிகாரி மெயிலுக்குப் பதில் போடவில்லை என்று நீங்கள் புலம்பினால் அவரும் சேர்ந்து ரெண்டு திட்டு திட்டுவார், விஷயம் அதோடு முடிந்தது. தெரபிஸ்ட் கேட்பது வேறு: பதில் வரவில்லை என்றதும் மனதில் முதலில் என்ன ஓடியது? 'வேலை போகப்போகிறது' என்பீர்கள். அதற்கு என்ன ஆதாரம், வேறு என்ன காரணமெல்லாம் இருக்கலாம், போன தடவை இப்படிப் பயந்தபோது கடைசியில் என்ன நடந்தது என்று நிதானமாகப் பிரிப்பார். அடுத்த வாரம்வரை அந்த மாதிரி எண்ணம் வரும்போதெல்லாம் எழுதி வைக்கச் சொல்வார் (ஆமாம், வீட்டுப்பாடம் உண்டு). 1960களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வு உள்ளவர்களுக்குத் தானாக ஓடும் இந்த எண்ணங்களைக் கவனித்து உருவாக்கிய முறைதான் இன்று சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் தெரபி) என்று சொல்வதற்கு அடித்தளம். இதைத் தவிர சிறுவயது, உறவுகள் என்று ஆழமாகப் போகும் முறைகளும் உண்டு. எந்த முறையானாலும் தெரபிஸ்ட்மேல் உங்களுக்கு நம்பிக்கை வருகிறதா என்பதைப் பொறுத்துப் பலன் நிறையவே மாறும்.

எப்போது போவது? பிரச்சினை பெரிசா சின்னதா என்று அளந்துகொண்டிருக்காதீர்கள், அது உங்கள் நாளை எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். தூக்கம், பசி, வேலை, வீட்டில் இருப்பவர்களோடு பேச்சு, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுக் கிடந்தால் போகலாம். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றும் அடையாளம் ஒன்று இருக்கிறது: பயத்துக்குத் தோதாக வாழ்க்கையை மாற்றிக்கொள்வது. போன் எடுப்பதில்லை, கூட்டத்துக்குப் போவதில்லை, குடிக்காமல் தூக்கம் வருவதில்லை என்று. ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். நெருங்கியவர் இறந்த துக்கம் அப்படியல்ல, அது நோயில்லை, பெரும்பாலானவர்களுக்குக் காலமும் சுற்றமும் போதும்.

உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வு மாதிரியே இருக்கும், அதனால் ஒரு ரத்தப் பரிசோதனை நல்லது. இல்லாத குரல்கள் கேட்பது போன்றவற்றுக்குப் பேச்சு மட்டும் போதாது, மனநல மருத்துவரும் மருந்தும் வேண்டும்.

முதல் சந்திப்பில் பெரும்பாலும் கேள்விகள்தான் இருக்கும், அறிவுரையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நீங்களும் கேளுங்கள்: என்ன படித்திருக்கிறார், இந்தப் பிரச்சினையைப் பார்த்த அனுபவம் உண்டா, நான் சொல்வது யாருக்குப் போகும். உயிருக்கு ஆபத்து மாதிரியான சில சூழல்கள் தவிர வெளியே போகாது என்று அவரே விளக்க வேண்டும். நாலைந்து தடவை போயும் ஒட்டவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லலாம், நல்ல தெரபிஸ்ட் கோபப்பட மாட்டார். அப்படியும் சரிவராவிட்டால் வேறொருவரைப் பாருங்கள்.