அறுபது வருடமாகத் தோண்டிய காவிரிப் படுகையில் இன்னும் என்னதான் தேடுகிறார்கள்?

கேள்வி கேட்டவர் ராமநாதபுரத்துக்காரர் (நிலத்தடிப் பாறைக் கணக்கில் காவிரிப் படுகை அங்கே வரை நீள்கிறது). 2025-ல் அந்த மாவட்டத்தில் எண்ணெய், எரிவாயு தேடும் 20 சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி என்று வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, "இருக்கிற கிணறுகளே வற்றிக்கொண்டு வருகின்றன என்கிறார்கள். அப்புறம் எதற்கு மறுபடி தேடல்? நிஜமாகவே கீழே மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார்.

மிச்சம் இருக்கிறது. ஆனால் அறுத்து முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்குகிற வேலை அது. பொறுக்கினால் மூட்டை கட்டலாம், களஞ்சியம் நிரம்பாது.

நான் திருவாரூர் பக்கம். தொண்ணூறுகளின் கடைசியில் நான்கு வருடம் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி வழியாக ரிக்கில் (எண்ணெய்க் கிணற்றுக்குத் துளை போடுகிற கோபுர இயந்திரம்) 'மட் லாக்கிங்' வேலை பார்த்தேன். என்ன வேலை என்றால், துளை போடும்போது குழாய் வழியாகச் சேற்றுக் குழம்பை உள்ளே அடிப்பார்கள். அது அடியில் உடைந்த பாறைத் துகள்களை அள்ளிக்கொண்டு மேலே வரும். சல்லடையில் விழுவதை ஐந்து மீட்டருக்கு ஒரு தடவை ஒரு கை அள்ளிக் கழுவி, தட்டில் பரப்பி, இருட்டுப் பெட்டிக்குள் புற ஊதா விளக்கின் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஒட்டிய மணல் மஞ்சளாகவோ நீலம் கலந்த வெள்ளையாகவோ ஒளிரும். சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி தட்டு முழுக்கப் பளபளவென்று மின்ன, தூங்கிக்கொண்டிருந்த ஜியாலஜிஸ்ட்டை ஓடிப்போய் எழுப்பினேன். வந்து பார்த்தவர் சிரித்துவிட்டார். குழாய் மரையில் தடவுகிற கிரீஸ். அதுவும் அந்த விளக்கில் மின்னும்.

அதே கிணற்றில் இன்னொரு நாள் வந்தது நிஜமான எண்ணெய் மணல். ஒரு சொட்டுக் கரைப்பான் விட்டதும் பால் கரைகிற மாதிரி ஒளி வழிந்தது. அவர் நோட்டில் எழுதினார், ஆழம் குறித்தார், "ரெண்டு மீட்டர்கூட இல்லப்பா, விடு" என்றார். அந்த இடத்தை இரும்புக் குழாயும் சிமெண்டும் மூடிவிட்டன. திறந்து சோதித்துப் பார்க்கவே இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இன்னும் கீழே பெரிய மணல் அடுக்கு இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர் இரண்டு மீட்டருக்காக ரிக்கை நிறுத்த முடியாது. ஒரு நாள் ரிக் நின்றால் ஆகும் செலவு எங்கள் தெருவே ஒரு வருடம் சம்பாதிக்கிற பணம்.

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. 'பழைய படுகை' என்றால் காலியான படுகை என்று அர்த்தமில்லை, பெரிய மீன் பிடிபட்டுவிட்ட குளம் என்று அர்த்தம். 'விடு' என்று எழுதி வைத்த நோட்டுகளைத்தான் இப்போது திரும்ப எடுத்துப் படிக்கிறார்கள். 2017-ல் தேசியத் தரவுக் களஞ்சியம் ஒன்றைத் திறந்து, பழைய கிணற்றுப் பதிவுகளையும் நில அதிர்வு ஆய்வுகளையும் (வெடி வைத்து, அடிப்பாறையில் பட்டுத் திரும்பும் அதிர்வைக் கேட்பது) கம்பெனிகள் பார்க்க வழி செய்துவிட்டார்கள்.

இங்கே முதல் வெற்றிக்கே நிறையப் பொறுமை தேவைப்பட்டது. காரைக்காலில் முதல் ஆழ்கிணறு போட்டது 1964-ல். நரிமணத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி எண்ணெய் கிடைத்தது 1985-ல். இடையில் இருபது வருடம். அதன் பிறகுதான் கமலாபுரம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால், குத்தாலம், உங்கள் பக்கம் வழுதூர், வாலாந்தரவை என்று பெயர்கள் வந்தன. பனங்குடியில் 1993-ல் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது.

ஏன் அவ்வளவு நாள் ஆனது என்பதற்குப் பதில் நிலத்தின் அமைப்பில் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் பிரியத் தொடங்கிய காலத்தில், பத்துக் கோடி வருடங்களுக்கும் முன்னால், இந்த நிலம் ஒரே சீராகத் தாழவில்லை. கீழே விழுந்த ஓடு மாதிரித் துண்டு துண்டாக உடைந்து, சில துண்டு மேடாக நின்றது, சில துண்டு பள்ளத்தில் இறங்கியது. பட்டுக்கோட்டை–மன்னார்குடி ஒரு மேடு, கும்பகோணம்–மாதானம் ஒரு மேடு. நடுவில் ஆழமான பள்ளங்கள். மேலே வண்டல் மூடிவிட்டதால் பஸ்ஸில் போகும்போது எல்லாம் ஒரே தட்டையாகத் தெரிகிறது. அரியலூர் பக்கம் காரை கிராமத்துக்குப் போனால் அந்தக் காலத்துக் கடல் களிமண் அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடல் உயிரி) புதைபடிவங்களோடு வெளியிலேயே கிடக்கும். அதே காலத்துக் களிமண் டெல்டாவுக்கு அடியில் பல ஆயிரம் அடி ஆழத்தில் வெந்து எண்ணெய் கொடுத்திருக்கிறது.

இப்படி உடைந்த நிலத்தில் எண்ணெய் ஒரு பெரிய தொட்டியில் நிற்காது. சின்னச் சின்னக் கிண்ணங்களில் நிற்கும். பழைய நில அதிர்வு ஆய்வு, கிலோமீட்டர் கணக்கில் இடைவெளி விட்டுக் கோடு போட்டு வெடி வைத்துக் கேட்டது. இரண்டு கோட்டுக்கு நடுவில் கிண்ணம் இருந்தால் தெரியாது. இப்போதைய முப்பரிமாண ஆய்வில் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. பழையவர்கள் மேடுகளின் தலையில்தான் துளை போட்டார்கள். இன்றைக்குப் பார்வை பள்ளங்களுக்குள் போகிறது, அங்கே சூடும் அழுத்தமும் அதிகம், பாறையும் இறுக்கம்.

இன்னொன்று எனக்கே ஆச்சரியம். எங்கள் காலத்தில் துளை அடித்தளப் பாறையைத் தொட்டால் அதோடு கதை முடிந்தது, "கல்லு தட்டிடுச்சு, மூட்டையக் கட்டு" என்பார்கள். அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளேயே எண்ணெயும் எரிவாயுவும் இருக்கின்றன என்று மாதானம் பக்கத்தில் பின்னால் தெரிய வந்தது. நாங்கள் நிறுத்திவிட்டு வந்த எத்தனை கிணறுகளில் இன்னும் நூறு மீட்டர் போயிருக்கலாமோ!

அமெரிக்காவின் பெர்மியன் படுகையைக் காட்டி, "அங்கே கிழவன் மறுபடி குமரன் ஆகவில்லையா" என்று சிலர் எழுதுகிறார்கள். எழுபதுகளில் நாளைக்கு இருபது லட்சம் பீப்பாய் கொடுத்து, பாதிக்கும் கீழே விழுந்து, ஷேல் (இறுகிய களிப்பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கிற முறை) வந்த பிறகு அறுபது லட்சத்தைத் தாண்டியது உண்மை. ஆனால் அது மேற்கு டெக்சாஸ் பொட்டல், நூற்றுக்கணக்கான மைலுக்குப் படிந்த தடிமனான பாறை. நம் படுகை நல்ல காலத்திலேயே வருடத்துக்குச் சில லட்சம் டன் கொடுத்த இடம். நாட்டின் தேவைக்கு முன்னால் இது கொசுறு. எரிவாயு பரவாயில்லை, பக்கத்திலேயே மின்சாரமாக்கலாம், வழுதூரில் நடப்பதும் அதுதான்.

சரி, சட்டம். 2016-ல் வந்த புதுக் கொள்கைப்படி, கச்சா எண்ணெய், எரிவாயு, நிலக்கரி மீத்தேன், ஷேல் எல்லாவற்றுக்கும் ஒரே லைசென்ஸ். எந்த இடம் வேண்டும் என்பதையும் கம்பெனியே காட்டலாம். 2017-ல் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் கொதித்தது தெரியும். 2020-ல் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்து டெல்டாவில் புதுக் கிணறுகளுக்குத் தடை போட்டது. ஏற்கெனவே நடக்கிற வேலைகளை அது தொடவில்லை. ராமநாதபுரம் அந்த மண்டலத்தில் இல்லை. அதே 2020 ஜனவரியில் மத்திய அரசு, எண்ணெய் தேடும் கிணறுகளை மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லாத பிரிவுக்கு மாற்றியது. மாநில அளவிலான ஆணையமே அனுமதி கொடுக்கலாம் என்றாயிற்று. உங்கள் 20 கிணற்று அனுமதி ஊரில் யாருக்கும் தெரியாமல் வந்ததற்கு இதுதான் காரணம். செய்தி பெரிதானதும், அதைத் திரும்பப் பெறச் சொல்லியிருக்கிறோம், மாநிலத்தில் எங்கேயும் ஹைட்ரோகார்பன் திட்டத்தை அனுமதிக்க மாட்டோம் என்று மாநில அரசு அறிவித்தது.

தேடலே கூடாது என்பது என் கட்சி இல்லை. அந்த வேலையில் சோறு தின்றவன் நான். வழக்கமான கிணறு என்பது சில ஏக்கர் இடத்தில் நடக்கிற காரியம், ஒழுங்காகச் செய்தால் பக்கத்து வயலில் நடவு நடக்கும். ஆனால் இறுக்கமான பாறையில் மிச்சத்தைத் தேடிப் போனால் தண்ணீரை அழுத்தத்தில் அடித்துப் பாறையைப் பிளக்கும் பேச்சு வந்தே தீரும், லைசென்ஸ் ஒன்றுதான் என்பதால் அதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். என் குறை வேறு. பழைய கணக்கை முடிக்காமல் புதுக் கணக்கு எழுதுகிறார்கள்.

என் பெரியப்பாவுக்கு ஆறு மா நிலம். ஒரு வருடம் சம்பா அறுத்த பிறகு மாசியில் வெடி வைக்கிற கோஷ்டி வந்தது. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதற்குள் முடித்துக்கொண்டு போக வேண்டும் என்று அவசரம். வரப்பை வெட்டி வண்டி இறக்கினார்கள். நாலு பேர் குழாயைச் சுற்றிச் சுற்றி இறக்கி, தென்னை மர உயரத்துக்கு மேல் ஆழமாக மூன்று துளை போட்டு, அடியில் வெடியை வைத்து வெடித்தார்கள். வாயில் கொஞ்சம் மண்ணைத் தள்ளிவிட்டுக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நஷ்டஈடு கேட்டால், "பயிருக்குத்தான் நஷ்டஈடு, வயலில் பயிரே இல்லையே" என்று பதில். குறுவைக்குத் தண்ணீர் கட்டினபோது ஒரு மூலையில் தண்ணீர் நிற்கவில்லை. சுழித்துக்கொண்டு உள்ளே போகிறது. வைக்கோலும் களிமண் மூட்டையுமாக இரண்டு நாள் அடைத்தார்.

அடுத்த வருடம் நான் ரிக்கில் வேலைக்குச் சேர்ந்து லீவில் வந்தபோது கேட்டார்: "ஏம்ப்பா, ஒங்க ஆளுங்க பூமிக்கு ஊசி போடுறீங்க, சரி. பஞ்ச வச்சு ஒரு தொட தொடச்சிட்டுப் போறதில்லையா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதனால் உங்கள் பக்கம் ஆய்வுக்காரர்கள் வந்தால், எண்ணெய் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், அவர்களுக்கே தெரியாது. ஒவ்வொரு துளைக்கும் நம்பர் போட்ட வரைபடம் கேளுங்கள், யார் அடைப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள், கண்மாய்க் கரையிலிருந்து எத்தனை மீட்டர் என்று நீங்களே அளந்து போட்டோ எடுத்து வையுங்கள். பெரியப்பா வயலில் இரண்டு துளை இருந்த இடம்தான் எங்களுக்குத் தெரியும். மூன்றாவது எங்கே என்று அவருக்கும் கடைசிவரை நிச்சயமில்லை. அந்தப் பக்கத்தில்தான் இப்போது அவர் மகன் வீடு கட்டியிருக்கிறான்.