விழுந்த இடமா, கண்டெடுத்த இடமா?

வாசகர் கேள்விகளுக்குக் கல்லடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் பதில் தருகிறார்.

கேள்வி: சேர், விண்கல் பட்டியல் ஒன்றை இணையத்தில் பார்த்தேன். இலங்கைக்கு நேரே முல்லைத்தீவு இருக்கிறது. ஏ.எல். சோதனை முடிந்துவிட்டது, நண்பர்கள் மூன்று பேர் காந்தத்தோடு போய்த் தேடலாம் என்று இருக்கிறோம். சரிவருமா?
- மாணவன், வெல்லாவெளி

பதில்: தம்பி, தேடப்போகுமுன் பட்டியலைப் பார்த்தீர்களே, அதுவே எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் முல்லைத்தீவுக்கு வெளிக்கிட வேண்டாம்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயரோடும் ஒரு குறிப்பு இருக்கும். விழும்போது ஆட்கள் கண்டதா, இல்லை எப்போதோ விழுந்து கிடந்ததை யாரோ கண்டெடுத்ததா என்று. முதலில் அதைப் படியுங்கள். முல்லைத்தீவுக் கல் 1795இல் விழுந்தது. பதிவில் இருப்பது ஏறக்குறைய 25 கிராம் மட்டும். மிச்சம் ஏதும் கிடந்திருந்தால் அது இருநூறு மாரிக்கு மேல் நனைந்திருக்கும். பெரும்பாலான விண்கற்களுக்குள் இரும்பும் நிக்கலும் கலந்த பொட்டுகள் உண்டு. ஈரம் ஏறினால் அவை துருப்பிடித்துப் பருத்து, கல்லையே பிளந்துவிடும். இடத்தின் கணக்கையும் பாருங்கள். பழைய பதிவுகள் பலவற்றில் அகலாங்கும் நெட்டாங்கும் பாகை, கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளவில்தான் இருக்கும். அகலாங்கில் ஒரு கலை என்பது தரையில் 1.85 கிலோமீற்றர். அந்தப் புள்ளி ஊரைக் காட்டுமே தவிர, கல் கிடந்த வரம்பைக் காட்டாது.

இன்னொன்று, உங்கள் காந்தத்தில் அங்கே முதலில் ஒட்டப்போவது ஷெல் துண்டு. கண்ணிவெடி விதைத்த மண் அது. அந்தக் காடுகரையில் இறங்கித் தேடு என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்லமாட்டேன். நம் வாகரைப் பக்கத்துக்கும் இதே சொல்தான்.

அப்படியென்றால் தெரிந்த இடத்தில் தேடுவது வீணா? இல்லை. அமெரிக்காவில் அரிசோனாவின் ஹோல்புரூக்கில் 1912 ஜூலை 19ஆம் திகதி ஆயிரக்கணக்கான சிறு கற்கள் மழைபோல் கொட்டின. இன்றும் அங்கே போகிறவர்கள் கடலைப் பருப்பளவில் பொறுக்கி வருகிறார்கள். வரண்ட மண், கல்லும் ஏராளம், விழுந்த பரப்பும் தெரியும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பழைய இடம் பயன் தரும். அதே மாநிலத்தில் கோல்ட் பேசின் என்ற இடத்தில் தங்கம் தேடித் திரிந்தவர்கள் 1995இல் விண்கல்லைக் கண்டார்கள். அதற்கு முன் எத்தனை பேர் அதைக் காலால் தட்டிவிட்டுப் போனார்களோ!

வரைபடத்தில் புள்ளிகள் அந்தாட்டிக்காவிலும் சகாராவிலும் குவிந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். வானம் அங்கே மட்டும் கல் எறியவில்லை. வெள்ளைப் பனியில் கறுப்புக் கல் கண்ணில் படும், வரட்சியில் கல் கெடாமல் கிடக்கும், தேடவும் ஆட்கள் போகிறார்கள். 1969இல் யமாட்டோ மலைப் பக்கம் போன ஜப்பானியர் 9 கற்களோடு வந்தபிறகுதான் அந்தப் பனியின் அருமை உலகத்துக்குத் தெரிந்தது. ‘வடமேற்கு ஆப்பிரிக்கா’ என்று வெறும் இலக்கத்தோடு வரும் ஆயிரக்கணக்கான பெயர்களை நம்பிப் பயணம் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை சந்தையில் வாங்கியவை, கிடந்த இடம் பதிவில் இல்லை.

நமக்குப் பொருத்தம் பழைய கல் அல்ல, இனி விழப்போகும் கல். படுவான்கரையில் யானைக்கும் பன்றிக்கும் காவலிருந்து இரவெல்லாம் வானத்தைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து வையுங்கள். தீப்பந்து ஓடினால் நேரம், எந்த மரத்துக்கு மேலே தொடங்கி எந்த மரத்துக்கு மேலே அணைந்தது, ஒன்றிரண்டு நிமிடம் கழித்து இடிபோலச் சத்தம் கேட்டதா என்று எழுதட்டும். உன்னிச்சையில் ஒருவரும் தாந்தாமலையில் ஒருவரும் நின்ற இடத்திலிருந்து கைகாட்டினால், இரண்டு கோடும் வெட்டுகிற பக்கம் தெரியும். சத்தமும் கேட்டிருந்தால் கல் தரைக்கு வந்திருக்க நல்ல வாய்ப்பு. கற்கள் நீள்வட்டமாகச் சிதறும். பெரியவை ஓடிய திசையில் தூரப்போய் விழும், சிறியவை பின்தங்கும். வெள்ளாமை வெட்டிய வயலில் அடுத்த நாளே போங்கள். மழைக்கு முன் எடுத்த கல்லுக்கு மதிப்பே வேறு.

கேள்வி: எங்கள் வட்டையில் உழும்போது பாரமான கறுப்புக் கல் ஒன்று வந்தது. காந்தம் ஒட்டுகிறது. வாப்பா விண்கல் என்கிறார்.
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: மகள், காந்தம் ஒட்டுவதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. நம் கிழக்குப் பாறைகளிலேயே காந்தம் ஒட்டும் மக்னடைட் என்ற இரும்புத்தாது உண்டு. டைல் ஒன்றின் மினுக்கம் இல்லாத பின்பக்கத்தில் கல்லை உரசுங்கள். செங்கபிலக் கோடு விழுந்தால் ஹெமடைட் என்ற இன்னொரு இரும்புத்தாது, கருங்கோடு விழுந்தால் மக்னடைட். கோடே விழாவிட்டால் அடுத்ததைப் பார்க்கலாம். உள்ளே குமிழ் ஓட்டைகள் இருந்தால் அது பெரும்பாலும் கொல்லன் பட்டறைக் கிட்டம், அதாவது இரும்புக் கசடு. முப்பது வருசத்தில் என் மேசைக்கு வந்த ‘விண்கற்களில்’ அதிகம் கிட்டம்தான். புதிதாய் விழுந்த விண்கல்லில் பெயின்ற் பூசியதுபோல ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும். ஒரு மூலையை அரத்தால் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் வெள்ளிப் பொட்டுகள் மினுங்கும். அப்படி மினுங்கினால் மேற்கொண்டு தேய்க்காமல், உழுத இடத்தைப் படமெடுத்து, பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறைக்கு எழுதுங்கள். வாப்பாவிடம் சொல்லுங்கள், கல்லைக் கழுவ வேண்டாம்.

கேள்வி: 2012இல் பொலன்னறுவையில் விழுந்ததாகச் சொன்ன கற்கள் உண்மையா?
- வாசகர், வாழைச்சேனை

பதில்: அந்த வருடம் டிசம்பர் 29இல் தீப்பந்து கண்டதாகச் சொல்லி, அரலகங்வில பக்கத்தில் எடுத்த கற்களுக்குள் பாசி உயிரின் சுவடு இருப்பதாக எழுதினார்கள். வேறு விஞ்ஞானிகள் பலர் அவை விண்கற்களே அல்ல என்று மறுத்தார்கள். தீப்பந்தைக் கண்டவர்களை நான் சந்தேகிக்கவில்லை. தீப்பந்து ஓடியது ஒரு விசயம், மறுகா வயலில் கிடைத்த கல் அதிலிருந்து வந்ததென்று காட்டுவது இன்னொரு விசயம். அந்த இரண்டாவது அங்கே நடக்கவில்லை.