சிறு ஊரில் பல் கிளினிக் வைத்தால் குடும்பத்தோடு இருக்க நேரம் கிடைக்குமா?

கேள்வி கேட்டிருப்பவர் பி.டி.எஸ். முடித்தவர். தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோடு பக்கம் சொந்தமாகக் கிளினிக் திறக்கப் போகிறார். மனைவி வேலைக்குப் போகிறார், மூன்று வயதில் ஒரு குழந்தை. "கூட்டம் மாலையில்தான் வருமாம். அப்படியென்றால் பிள்ளையோடு நான் எப்போது இருப்பது?" என்று கேட்கிறார்.

நேரம் கிடைக்கும். அதற்காக நோயாளிகளைக் குறைக்க வேண்டியதில்லை. ஒரே நாற்காலி உள்ள கிளினிக்கில் டாக்டரை வீட்டுக்குப் போகவிடாமல் பிடித்து வைப்பது பெரும்பாலும் இரண்டாவது முறை செய்ய நேரும் வேலைதான். பொருந்தாத கேப், மரக்காத கடவாய்ப் பல், பாதியில் உடைந்த வேர், ஒரு மாதத்தில் விழுந்துவிட்ட ஃபில்லிங், இரவு பத்து மணிக்கு "ரத்தம் நிக்கல டாக்டர்" என்று வரும் போன். இவை எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, பெரும்பாலானவற்றைத் தடுக்கவும் முடியும்.

முதலில் எந்த வேலை எந்த நேரத்தில் என்பது. காலை 10 முதல் 1.30, மாலை 4.30 முதல் 8.30 என்பதுதான் சிறு ஊர்களின் வழக்கமான நேரம். பல் எடுப்பதையும், முக்கியமாக ஞானப் பல்லையும், காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மரத்துப்போகும் ஊசியின் வேகம் இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கும். அதில் இருக்கும், ரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரீனலினின் வேகம் விட்டபிறகுதான் ரத்தக் கசிவு வெளியே தெரியும். காலை 11 மணிக்கு எடுத்த பல் கசிந்தால் மாலை கிளினிக்கிலேயே பார்த்துவிடலாம். இரவு 8 மணிக்கு எடுத்தது நீங்கள் சாப்பிட உட்காரும்போது கசியும். சர்க்கரை நோயாளிக்கும் காலைதான் நல்லது: டிபன் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் வந்தால் நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி மயங்கலாம். ரத்த அழுத்தம் 180/110-ஐத் தொட்டிருந்தால் அன்று பல்லை எடுக்காமல் பொது மருத்துவரிடம் அனுப்புங்கள். இதயத்துக்காக, ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுகிறவர்களிடம் நீங்களாக மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். தையலும் அழுத்தமும் போட்டால் கசிவு நிற்கும். மாத்திரையை நிறுத்தி இதயத்தில் அடைப்பு வந்தால் சரிசெய்ய வழியில்லை.

இரவு 7.30-க்கு மேல் தையல் பிரிப்பது, கேப் ஒட்டுவது, பல் செட்டில் உரசும் இடத்தைத் தேய்த்துக் கொடுப்பது போன்றவை போதும். உதவியாளர் பெண்ணுக்கும் ஊருக்குப் போகக் கடைசிப் பஸ் இருக்கும். நோயாளிகள் அப்பாயின்ட்மென்டைவிடப் பஸ் நேரத்தைத்தான் நம்பி வருவார்கள் என்பதால், மதியம் 12.30-லிருந்து ஒரு மணி வரை யாருக்கும் எழுதாமல் காலியாக விடுங்கள். வீங்கிய முகத்தோடு கிராமத்திலிருந்து வருகிறவருக்கு அந்த அரை மணி நேரம் வேண்டும். அது இல்லாவிட்டால் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குப் போகும், பிள்ளை பள்ளியிலிருந்து வரும்போது நீங்கள் மறுபடி கிளினிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது மரக்காத பல். கீழ்க் கடவாய்ப் பல் கடுமையாக வலித்துக்கொண்டிருக்கும்போது 2 சதவீத லிக்னோகெயின் என்ற மரக்கும் மருந்தை, 80,000-க்கு 1 அட்ரீனலினோடு, தாடை நரம்பருகே பிளாக் ஊசியாகப் போடுகிறோம். ஐந்து நிமிடத்தில் உதடு மரத்துவிட்டது என்பார்கள். உதடு மரத்ததை வைத்துப் பல்லும் மரத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, குளிர் ஸ்பிரேயைப் பஞ்சில் அடித்துப் பல்லில் வைத்துப் பாருங்கள். பல் கூசினால், கன்னப் பக்கம் 4 சதவீத ஆர்ட்டிகெயின் (இன்னொரு மரக்கும் மருந்து) ஒரு கார்ட்ரிட்ஜ் கூடுதலாகப் போடுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லாதவருக்கு ஒரு மணி நேரம் முன்பே ஐபுப்ரோஃபென் 400 மி.கி. கொடுத்திருந்தால் ஊசி இன்னும் நன்றாகப் பிடிக்கும். அந்தப் பதினைந்து நிமிடக் காத்திருப்பில் வெளியே இருக்கும் ஒருவருக்குத் தையல் பிரித்துவிடலாம். பொறுக்காமல் பல்லைத் திறந்தால் நோயாளி கத்துவார், வெளியே காத்திருக்கும் குழந்தைகள் அழும், ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரமாகும்.

ஊசி போடுமுன் எக்ஸ்ரே எடுத்தே தீர வேண்டும். முன்னூறு ரூபாய்கூட ஆகாத படத்தைத் தவிர்த்துவிட்டு, கொக்கி போல் வளைந்த வேரைப் பாதியில் உடைத்துக்கொண்டு நிற்பதுதான் இந்தத் தொழிலில் ஒரு மாலைப்பொழுது வீணாகும் மிகச் சாதாரணமான வழி. மெஷினை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். படம் எடுக்கும்போது இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள், நோயாளியின் வாயில் வைக்கும் சென்சாரை நீங்கள் கையால் பிடிக்காதீர்கள்.

கேப், பல் செட் செய்து தரும் லேபுக்குப் போய் வரும் வேலையில்தான் சிறு ஊர் மருத்துவர்கள் அதிகம் இழக்கிறார்கள். கேப்புக்கான அளவைச் சேலத்துக்கோ கோவைக்கோ பார்சல் அனுப்ப வேண்டியிருக்கும். தண்ணீரில் குழைக்கும் ஆல்ஜினேட் பொடியில் எடுத்த பல் அச்சு அளவை அப்படியே அனுப்பவே கூடாது. அது காற்றில் நீரை விட்டுச் சுருங்கும், ஈரப் பஞ்சில் பொதிந்தால் நீரை உறிஞ்சி உப்பும். எடுத்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஸ்டோன் என்னும் கெட்டி ஜிப்சத்தை ஊற்றி மாடலாக அனுப்புங்கள். கேப், பிரிட்ஜ் வேலைக்கு அளவெடுக்க அடிஷன் சிலிகான் என்னும் ரப்பர் போன்ற பொருளை வாங்கிவிடுவது நல்லது; பல நாள் அளவு மாறாது. அதிலும் ஒரு பொறி உண்டு. லேட்டக்ஸ் கையுறையோடு அதன் புட்டியை (மாவுபோன்ற பகுதியை) பிசைந்தால் கையுறையில் உள்ள கந்தகச் சேர்மம் அதை இறுகவிடாது. பார்த்தால் இறுகியது போலிருக்கும், பல் விளிம்பில் மட்டும் பிசுபிசுக்கும், கேப் வந்ததும் பொருந்தாது. வினைல் கையுறை போட்டுப் பிசையுங்கள். கேப் திரும்பப் போனால் நோயாளிக்கு இன்னொரு நாள் கூலி போகும், உங்களுக்கு ஒரு மணி நேரம் போகும், அந்த வேலைக்குக் காசும் கேட்க முடியாது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிளினிக் வைப்பவர் நீரைப் பற்றிச் சொந்தமாகவே படித்துவைத்திருக்க வேண்டும். இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி., வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மி.கி. வரை என்பது இந்தியத் தரநிலை. அதைத் தாண்டிய கிணறுகள் நிறைய. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும், ஏனென்றால் எனாமல் உருவாகும் முதல் எட்டு வயதுக்குள்தான் பாதிப்பு நடக்கிறது. கல்யாணம் நிச்சயமானதும் "இந்தக் கறை போகுமா?" என்று கேட்டு வருவார்கள், அதுவும் முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பு. லேசான கறைக்கு மைக்ரோஅப்ரேஷனும் (மேல் எனாமலை மெல்லத் தேய்த்தெடுப்பது) பிளீச்சிங்கும் போதும். குழிவிழுந்த பல்லுக்கு காம்போசிட் (பல் நிற ஃபில்லிங்) அல்லது வெனீர் (மேலே ஒட்டும் மெல்லிய தகடு) வேண்டும். இந்த எனாமல் அமிலத்துக்கு எளிதில் இளகாது. ஒட்டுவதற்கு முன் பல்லில் தடவும் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை வழக்கமான 15 முதல் 30 விநாடி வைத்தால் ஒட்டு பிடிக்காமல் சில வாரங்களில் கழன்று விழும். மேற்பரப்பை பர்ரால் மெல்லத் தேய்த்துவிட்டு, அமிலத்தை ஒரு நிமிடம் வரை வையுங்கள். வெளியூரில் படித்து வந்த புது டாக்டர்கள் பலர் பசையைத்தான் குறை சொல்வார்கள்.

அதே நீர் இயந்திரங்களையும் கெடுக்கும். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போர்வெல் தண்ணீர் ஊற்றினால் ஹீட்டரில் உப்புப் படிந்து வெப்பம் ஏறாது; காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான். நாற்காலியின் தண்ணீர்க் குழாய்க்கும் தனி பாட்டில் வையுங்கள். கம்ப்ரஸர் டாங்கின் அடியில் தேங்கும் நீரைத் தினமும் இரவு திறந்து விட வேண்டும். விடாவிட்டால் அந்த ஈரம் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும், பல் துளைக்கும் ஏர்ரோட்டரின் பேரிங்கைத் தின்றுவிடும். ஏர்ரோட்டரை எண்ணெய் போட்டு, பையில் வைத்து, 134 டிகிரியில் ஓட்டுங்கள். மூன்றாவது ஒன்று கையிருப்பில் இருந்தால் மாலையில் நோயாளியைக் காக்க வைக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை ஸ்போர் பட்டை (கிருமி வித்து பூசிய சோதனைப் பட்டை) வைத்து ஆட்டோகிளேவைச் சோதியுங்கள்.

இதில் வீட்டுக்கும் பங்கு உண்டு. கிளினிக்கில் போட்ட சட்டையோடு குழந்தையைத் தூக்கக் கூடாது. ஸ்க்ரப்பை (வேலை உடையை) அங்கேயே கழற்றி, கை, முகம் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தவணையையும் நீங்களும் உதவியாளரும் முடித்து, ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவையும் பார்த்துவிடுங்கள். ஊசி மூடியை மேசையில் வைத்து ஒரே கையால் அள்ளி மூடுங்கள். குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். மனைவியிடம் மறைக்காதீர்கள், அது அவருடைய உடம்பைப் பற்றியதும்கூட.

இரவு போன்களுக்கு முதல் மருந்து அச்சடித்த காகிதம். பஞ்சை முக்கால் மணி நேரம் கடித்திருங்கள், 24 மணி நேரம் துப்பாதீர்கள், கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ரா வேண்டாம், சூடு வேண்டாம், பீடி சிகரெட் கூடாது. இதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கூட வந்தவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாயில் பஞ்சோடு இருப்பவர் நாம் சொல்வதைக் காதில் வாங்க மாட்டார். மறுபடி மறுபடி எச்சில் துப்பி ரத்தக் கட்டியைக் கழற்றிவிடுவதுதான் முதல் நாள் கசிவுக்குப் பெரிய காரணம். கட்டி கழன்றால் இரண்டு முதல் நாலாம் நாளுக்குள் காது வரை இழுக்கும் வலியும் வரும். சலைனால் கழுவி மருந்துப் பஞ்சு வைத்தால் அது அடங்கும்.

கிளினிக்குக்குத் தனி எண் வைத்து, இரவு 9 மணிக்கு மேல் மூன்றே விஷயத்துக்கு எழுந்திருங்கள். கண் மூடும் அளவு வீக்கம், அல்லது தாடைக்குக் கீழே கல் போல் வீங்கி விழுங்கவும் மூச்சு விடவும் கஷ்டம்: கிளினிக்கில் கத்தி வைக்காமல் நேராகத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள், நீங்களும் போன் செய்து சொல்லுங்கள். அரை மணி நேரம் வீதம் இரண்டு முறை பஞ்சு கடித்தும் நிற்காத ரத்தம். குழந்தை விழுந்து முன்பல் முழுசாக வெளியே வந்துவிட்டது: நிலைத்த பல்லானால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, பத்து விநாடி அலசி, அந்தக் குழியிலேயே வைக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் ஆறிய பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வரட்டும். பால் பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது, கீழே வளரும் பல் கெடும். மற்ற எல்லா வலியும் மாத்திரையோடு காலை வரை தாங்கும்.

ஒன்றில் மட்டும் நேரத்தைப் பார்க்காதீர்கள். பாக்கு, புகையிலை போடுகிறவர் எதற்கு வந்தாலும் வாயை அகலத் திறக்கச் சொல்லி, நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்புறம் எல்லாம் பாருங்கள். மூன்று விரல் நுழையாவிட்டால், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால், அன்றே மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்து, போனாரா என்று அடுத்த வாரம் கூப்பிட்டுக் கேளுங்கள். இதை முதலில் பார்க்கும் வாய்ப்பு அந்த ஊரில் உங்களுக்குத்தான் இருக்கும்.

பணம் மாதா மாதம் சீராக வராது. தக்காளி விலை விழுந்த மாதம் பாலக்கோட்டில் கேப் போடுவதைத் தள்ளிப்போடுவார்கள். ஏப்ரல், மே விடுமுறையில் கிளிப் போடுகிற பிள்ளைகளால் கிளினிக் நிரம்பும், உங்கள் பிள்ளையும் அப்போதுதான் வீட்டில் இருக்கும். ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்டும் நேரத்தில் வரவு குறையும். கிளினிக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறாக வைத்து, மாதம் ஒரே தொகையை வீட்டுக்கு மாற்றுங்கள். மே மாத மிச்சம் கிளினிக் கணக்கிலேயே இருக்கட்டும். வருமான வரியில் உத்தேச வருமானம் காட்டும் முறை (1961 சட்டத்தில் 44ஏடிஏ பிரிவு) பல் மருத்துவருக்கும் பொருந்தும். வரவு அதன் வரம்புக்குள் இருந்தால் மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், முன்வரியை மார்ச் 15-க்குள் கட்ட வேண்டும். சொந்தக்காரர்களிடம் உங்கள் கூலியை விட்டுக்கொடுங்கள், லேப் செலவையும் பொருள் செலவையும் விட்டுக்கொடுக்காதீர்கள். இதை மனைவியும் அம்மாவும் முன்பே தெரிந்து வைத்திருந்தால் கல்யாண வீட்டில் சங்கடம் வராது.

கழுத்தையும் இடுப்பையும் இப்போதே காப்பாற்றுங்கள். நோயாளியின் வாய் உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும், மேல் பற்களைக் கண்ணாடியில் பார்த்து வேலை செய்யப் பழகுங்கள், லூப் (பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி) வாங்கும்போது உட்கார்ந்த நிலையில் உங்கள் தூரத்தை அளந்து வாங்குங்கள்.

வெளியூர்ப் பயணத்துக்கும் கணக்கு உண்டு. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஞானப் பல் அறுவைச் சிகிச்சையையும், நாலு நாள் முன்பே மற்றப் பல் எடுப்பதையும் நிறுத்துங்கள். ரூட் கேனாலைப் பாதியில் திறந்து விட்டுப் போகாதீர்கள். வலி கிளம்பினால் முதல் மூன்று நாளுக்குள் கிளம்பும். முடிக்க முடியாததில் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து, மேலே குறைந்தது மூன்றரை மி.மீ. தடிமனில் தற்காலிக அடைப்பு போடுங்கள், அதைவிட மெல்லியதானால் எச்சில் கசிந்து உள்ளே போகும். பக்கத்து ஊர் டாக்டர் ஒருவரோடு பேசி, நீங்கள் இல்லாதபோது அவர், அவர் இல்லாதபோது நீங்கள் என்று ஏற்பாடு செய்து, அவர் எண்ணைக் கதவில் ஒட்டிவிட்டு, நடப்பில் உள்ள நோயாளிகளின் எக்ஸ்ரேக்களை அவருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.