மதிப்பெண்ணைப் பார்க்கும் முன்பே

அன்புள்ள டொக்டர்,

கொழும்பு மருத்துவபீடத்தில் படித்து உள்ளகப் பயிற்சியும் முடித்துவிட்டேன். இந்த முறை அமெரிக்க ரெசிடென்சிக்கு, அதாவது அங்குள்ள மருத்துவமனைகளில் நிபுணத்துவப் பயிற்சிக்கு, விண்ணப்பித்தேன். அதற்கான ஸ்டெப் 2 என்ற அமெரிக்க மருத்துவ உரிமப் பரீட்சையில் 251 எடுத்தும் 2 நேர்முகங்கள்தான் வந்தன, இடம் கிடைக்கவில்லை. என் பெரியம்மாவின் மகன் நியூ ஜெர்சியில் பிறந்தவன், கரீபியன் தீவொன்றில் மருத்துவம் படித்தவன். என்னைவிடக் குறைந்த மதிப்பெண், அவனுக்குக் கிடைத்துவிட்டது. வீசாதான் காரணமா, இல்லை என்னிடம் குறையா? எனக்கு க்ரீன் கார்டுக்கு எழுதிப் போடட்டுமா என்று பெரியம்மா கேட்கிறார். காத்திருக்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். என் மகளும் இந்த வழியால் போனவள். அதனால் சட்டென்று எழுத வரவில்லை.

ஆம், வீசா ஒரு காரணம். பெரிய காரணம். ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் 'மேட்ச்' என்ற முறையில், 2024ஆம் ஆண்டு, வெளிநாட்டில் மருத்துவம் படித்த அமெரிக்கக் குடிமக்களில் 67 வீதமானோருக்கு இடம் கிடைத்தது. குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 58.5 வீதம்தான். இத்தனைக்கும், இடம் கிடைத்தவர்களின் மதிப்பெண் சராசரியைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டம்தான் மேலே நிற்கும். அந்த 58.5 வீதத்துக்குள் க்ரீன் கார்ட் வைத்திருப்பவர்களும் அடக்கம். ஆகவே உங்களைப்போல வீசா தேவைப்படுபவர்களின் நிலை இன்னும் கீழே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவியும்போது, 'வீசா தேவை' என்பவற்றைக் கணினியிலேயே ஒதுக்கிவிட முடியும். அப்படி ஒதுக்கினால் உங்கள் 251ஐ அங்கே எவரும் கண்ணால்கூடக் காண்பதில்லை. அவர்கள் பக்கத்துப் பயமும் எனக்கு விளங்குகிறது. ஜூலை 1ஆம் திகதி வார்டில் நிற்க வேண்டியவர் வீசா கிடைக்காமல் கொழும்பில் இருந்தால், இரவுக் கடமைக்கு ஓராள் குறையும். 2025 மே கடைசியில் உலகெங்கும் அமெரிக்கத் தூதரகங்கள் மாணவர் வீசாவுக்கும், பயிற்சிக்குப் போகும் வைத்தியர்கள் எடுக்கும் ஜே-1 வீசாவுக்கும் புதிய நேர்முகத் திகதிகள் கொடுப்பதை ஏறக்குறைய மூன்று வாரம் நிறுத்திவைத்தன. பயிற்சி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது! அந்த நாட்களில் இங்கே எத்தனை வீடுகளில் நித்திரை போயிருக்கும்.

என் மகள் ஒரு மருத்துவமனைக்குக் காசு கட்டி விண்ணப்பித்தாள். பிறகுதான், தாங்கள் வீசாவுக்குப் பொறுப்பெடுப்பதில்லை என்று இரண்டு வரியில் பதில் போட்டார்கள். அதை முன்பே தெளிவாகச் சொல்லியிருக்கலாம். பதிலே போடாத இடங்கள் வேறு. அவளோ தன் சுயவிபரக் கட்டுரைதான் சரியில்லை என்று நினைத்து, ஒவ்வோர் இரவும் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் எழுத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை. உங்கள் கடிதத்தில் 'என்னிடம் குறையா' என்ற இடத்தில் அந்தப் பிள்ளையின் முகம்தான் எனக்கு வந்தது.

சரி, பெரியம்மா விஷயம். அவரால் உங்களுக்கு எழுதிப் போட முடியாது. அமெரிக்கக் குடிமக்கள் தங்கள் உடன்பிறந்தவருக்கு விண்ணப்பிக்கலாம். தங்கையின் மகனுக்கு என்று ஒரு பிரிவு சட்டத்திலேயே இல்லை. உங்கள் அம்மாவுக்கு இன்று எழுதிப் போட்டாலும் அந்த வரிசை பத்து வருடங்களைத் தாண்டும். 21 வயது கடந்த நீங்கள் அம்மாவோடு சேர்ந்தும் போக முடியாது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'க்ரீன் கார்ட் உள்ள பொம்பிளை இருக்கிறாள்' என்று யாராவது குறிப்போடு வந்தால் மறுத்துவிடுங்கள். வீசாவுக்காகப் பேசும் கல்யாணத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கையும் இருக்கிறது.

உங்களுக்கு இருப்பது ஜே-1, வேலை வீசாவான எச்-1பி என்ற இரண்டு வழிகள். எச்-1பிக்கு மருத்துவமனையே மனுப்போட்டுச் செலவழிக்க வேண்டும். நீங்கள் அதே பரீட்சை வரிசையில் கடைசியான ஸ்டெப் 3 முடித்திருக்க வேண்டும். அந்தப் பரீட்சையை அமெரிக்காவுக்குப் போய்த்தான் எழுதலாம். அமெரிக்க ஜனாதிபதியின் 2025 செப்டம்பர் பிரகடனத்தின்படி, வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பவருக்கு 1,00,000 டொலர் கட்டணமும் சேர்ந்திருக்கிறது. விதிவிலக்குக் கேட்கலாம்தான், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஜே-1இல் மருத்துவமனைக்கு அந்தச் சுமை இல்லை, வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்குச் சான்றளிக்கும் இசிஎப்எம்ஜி என்ற அமெரிக்க அமைப்பு பொறுப்பெடுக்கும். அதனால்தான் அதை ஏற்கும் இடங்கள் அதிகம். ஆனால் பயிற்சி முடிந்ததும் 2 வருடம் நாட்டுக்குத் திரும்பி வந்து இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் துறைக்கு இங்கே ஆள் தேவை, இவர் திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று நமது சுகாதார அமைச்சு ஒரு கடிதம் தர வேண்டும். அமைச்சு இருக்கும் சுவசிரிபாயவுக்கு நடப்பதை வேளைக்கே தொடங்குங்கள். அந்த 2 வருட நிபந்தனைக்குக் 'கொன்ராட் 30' என்றொரு விலக்கு உண்டு: ஒரு மாநிலம் வருடத்துக்கு 30 பேர் வரை பரிந்துரைக்கலாம், அவர்கள் மருத்துவர் குறைந்த பகுதியில் 3 வருடம் வேலை செய்ய வேண்டும். பலர் அதைத்தான் பிடிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் அமைச்சு தரும் கடிதத்தில் உங்கள் வாக்கும் இருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் இந்த நாட்டை விட்டுப் போனார்கள் என்பது உங்கள் வார்டிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த 2 வருடத்தைத் தண்டனை என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம்.

அடுத்த விண்ணப்பம் செப்டம்பரில். இப்போதே உட்கார்ந்து, ஜே-1 ஏற்கும் இடங்களை மட்டும் பட்டியல் போடுங்கள். அண்மைய வருடங்களில் அவர்கள் உண்மையிலேயே வெளிநாட்டவரை எடுத்தார்களா என்று அவர்களது ரெசிடென்ட்களின் பக்கத்தைப் பாருங்கள். சந்தேகமென்றால் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிக் கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள். மதிப்பெண்ணை வைத்துப் பெரிய இடம், சின்ன இடம் என்று பிரிப்பது அதற்குப் பிறகு.

பட்டியல் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். மகளிடமும் காட்டுகிறேன். அவளுக்கு இரவுக் கடமை, ஆகவே பதில் வர ஒரு கிழமை செல்லும்.

அன்புடன்.