கணக்கு டீச்சர் பதில்கள்

கேள்வி: பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர்வரிசை நடத்தும்போது கொரோனாவை உதாரணமாகச் சொன்னேன். “ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு தினமும் இரட்டிச்சா ஒரே மாசத்துல உலகத்துக்கே வந்திருக்கணுமே மிஸ்?” என்று ஒரு மாணவன் மடக்கிவிட்டான். வகைக்கெழு தெரியாத பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்குவது?
– ஓர் ஆசிரியை, மணப்பாறை

பதில்: பையன் கெட்டிக்காரன். 33 முறை இரட்டித்தால் உலக மக்கள்தொகையைத் தாண்டிவிடும். அவன் கணக்கு சரிதான், அதற்கு அடியில் இருக்கும் அனுமானம்தான் தவறு. அந்த அனுமானத்தை அவனே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். வரிசை எண்களைச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். யாருக்காவது ஒருவருக்கு ‘சளி’. இரண்டிரண்டு சீட்டாக எடுத்துக்கொண்டே வந்தால் 20 ஜோடி. அன்றைய சந்திப்புகள் அவ்வளவுதான். ஜோடியில் ஒருவருக்குச் சளி இருந்தால் மற்றவருக்கும் வந்துவிடும். எல்லாச் சீட்டையும் திரும்பப் போட்டுக் குலுக்கினால் அடுத்த நாள்.

முதல் சில நாள் 1, 2, 4, 8 என்று அவன் சொன்னபடியே போகும். அப்புறம்தான் இடறும். 8 பேருக்கு இருக்கும்போது அவர்களில் சிலர் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்துவிடுவார்கள், அந்தச் சந்திப்பு வீண். ஒரு நோயாளிக்கு நல்ல ஆள் மாட்டும் நிகழ்தகவு 32/39. ஆக, புதிதாக வருவது 8 × 32/39, ஏறக்குறைய 7. (“ஏன் மிஸ் 40 இல்லை?” என்று ஒரு குரல் கட்டாயம் வரும். தன்னோடு தானே ஜோடி சேர முடியாதே!) மறுநாள் 15 × 25/39, ஏறக்குறைய 10. அதற்கடுத்த நாள் 25 × 15/39. இதுவும் அதே 10தான். நோயாளிகள் கூடிவிட்டார்கள், தொற்றுவதற்கு ஆள்தான் குறைந்துவிட்டது. நோயாளி எண்ணிக்கையை இன்னும் சளி வராதவர் எண்ணிக்கையால் பெருக்கும் அந்த ஒரு பெருக்கலில் பாதிப் பாடம் இருக்கிறது.

மீதிப் பாதிக்குப் பகடை வேண்டும். சளி பிடித்தவர் மறுநாளிலிருந்து தினமும் சந்திப்பு முடிந்ததும் உருட்ட வேண்டும். 1 அல்லது 2 விழுந்தால் குணம், மறுபடி வராது. சராசரியாக மூன்று நாள் நோய், நாளுக்கு ஒரு சந்திப்பு, ஆகவே தொடக்கத்தில் ஒருவரிடமிருந்து சுமார் மூன்று பேருக்கு. இன்னும் சளியே வராதவர் 13 பேருக்கும் கீழே போனதும் நோயாளி எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். ஏன் 13 என்று கேட்டு விட்டுவிடுங்கள். தினமும் நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கு குணமாகிறார்கள், அதனால் 39-ல் மூன்றில் ஒரு பங்கு என்று யாராவது பிடித்துவிடுவார்கள். தடுப்பூசியை எல்லோருக்கும் போட முடியாவிட்டாலும் நோய் ஏன் அடங்குகிறது என்பதும் இதே கணக்குதான்.

இன்னொரு பீரியட் கிடைத்தால் டப்பாவை எடுத்துவிட்டு, “ஜோடியை நீங்களே பிடியுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். என் வகுப்பில் நோய் பையன்கள் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தது. பெண்கள் வரிசைக்குப் போகவே இல்லை. எல்லோரும் எல்லோரோடும் சமமாகப் பழகுவதாக நம் மாதிரி (நோய் பரவுவதைக் கணக்காக்கிக் காட்டும் ‘மாடல்’) நினைக்கிறது, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அப்படி நினைக்கவில்லை! வகுப்பே சிரித்தது. ஆனால் எந்த அனுமானம் உடைந்தது என்று அன்றைக்கு யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: சாவையும் நோயையும் பிள்ளைகளுக்கு விளையாட்டாக்குவது சரியா?
– ஒரு தகப்பனார், கரூர்

பதில்: கொரோனாவில் வீட்டில் ஒருவரை இழந்த பிள்ளை வகுப்பில் இருக்கலாம். அதனால்தான் சளி என்றேன். அதுவும் வேண்டாமென்றால் வதந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கல் மாறாது.

கேள்வி: மாதிரி போடும் வளைகோடு உண்மைப் புள்ளிவிவரத்தோடு பொருந்திவிட்டால் மாதிரி சரி என்றுதானே அர்த்தம்?
– ப்ளஸ் டூ மாணவி, தேனி

பதில்: இல்லை கண்ணு. 1978-ல் இங்கிலாந்தில் ஆண்கள் விடுதிப் பள்ளி ஒன்றில் ஃப்ளூ பரவியது. 763 பேரில் 512 பேர் படுத்துவிட்டார்கள், இரண்டே வாரத்தில் கதை முடிந்தது. தினசரி எண்ணிக்கையை வரைபடத்தாளில் குறித்தால் நம் பகடை விளையாட்டின் மேடு போலவே ஏறி இறங்கும். ஆனால் ஒருவரிடமிருந்து மூன்று பேருக்கு என்ற நம் மாதிரி கிட்டத்தட்ட எல்லோருக்கும் வந்தே தீரும் என்கிறது. மீதி 251 பேர் எப்படித் தப்பினார்கள்? ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருந்ததா, லேசாக வந்து படுக்காமலே சமாளித்தார்களா? வளைகோட்டை மட்டும் பார்த்தால் தெரியாது.

இதைவிடப் பழைய உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. இந்த மாதிரிக்கு மூலமான கட்டுரையை 1927-ல் கெர்மாக், மெக்கெண்ட்ரிக் என்ற இருவர் எழுதினார்கள். கெர்மாக் ஆய்வக விபத்தில் பார்வை இழந்தவர். மெக்கெண்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்த டாக்டர். அவர்கள் சோதித்துப் பார்த்தது பம்பாயில் 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பிளேக்கில் இறந்தவர்களின் வாராந்தரக் கணக்கை. வளைகோடு அழகாகப் பொருந்தியது. ஆனால் அந்த பிளேக் பெரும்பாலும் எலிகளிடையே பரவி, தெள்ளுப்பூச்சி வழியாக மனிதருக்கு வந்தது. அவர்களுக்கும் இது தெரியும், கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய சமன்பாட்டில் எலியும் இல்லை, பூச்சியும் இல்லை.

எலியைச் சேர்த்தால் எத்தனை சமன்பாடு வேண்டியிருக்கும்? எழுதிப் பார்த்து அனுப்பு.